‘நாளைக்குப் படிக்கிறேன் சார்’

நமது தேவஸ்தான மண்டபத்தின் பின்னறையில், செவ்வாய் வியாழன் மாலைகளில் ஆறாம் படிவ மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிப் படிக்கிறார்கள். அவர்களைக் கவனித்துக் கொள்பவன் என்ற முறையில் இவ்வாண்டு மலருக்குக் கல்வி பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். அவர்கள் கேட்டது ஆடி மாதத்தில். நான் எழுத உட்கார்ந்தது ஐப்பசியில். ஆகவே, படிப்பைத் தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1983-ஆம் ஆண்டு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. எஸ்.டி.பி.எம். தேர்வு அறிமுகமாகி அது இரண்டாவது ஆண்டு. ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு படித்ததையெல்லாம் ஆண்டிறுதியில் ஒரே மூச்சில் எழுத வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் நான் மிக ஒழுங்காகச் செய்த வேலை ஒன்று உண்டென்றால் அது கால அட்டவணை தயாரித்ததுதான். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மையில் எட்டு அட்டவணைகள் போட்டேன். ஒவ்வொன்றையும் சுவரில் ஒட்டிய அன்று இரவு, பாதி பாடத்தை முடித்துவிட்டவனைப் போல நிம்மதியாகத் தூங்கினேன். பொருளியல் புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை. திறந்தால் புரியவில்லை, புரியாதபோது நெஞ்சு கனத்தது, மூடினால் கனம் இறங்கியது. இவ்வளவுதான் நடந்தது.

முடிவு வந்தபோது இரண்டு பாடங்களில் மட்டுமே தேறியிருந்தேன். பல்கலைக்கழக வாசல் அடைபட்டது. அப்பா திட்டவில்லை. முடிவுத்தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார், வேலைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளை நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நான் மறக்கவில்லை.

என்னைச் சோம்பேறி என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் சோம்பேறியா எட்டு அட்டவணை போடுவான்? வள்ளுவர் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார். மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என்று நான்கைச் சொல்கிறார். அவற்றுள் சோம்பல் ஒன்று, உறக்கம் ஒன்று, மறதி ஒன்று. காலம் நீட்டித்தலை ‘நெடுநீர்’ என்று தனியாக, அதுவும் முதலாவதாக வைக்கிறார். சோம்பலும் தள்ளிப்போடுதலும் அவருக்கு ஒன்றல்ல. நம் வீடுகளில் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே வசவில் முடித்துவிடுகிறோம்.

இக்கால உளவியலாளர்களும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஃபுஷியா சிரோயிஸ், டிமத்தி பிச்சில் என்னும் இரு ஆய்வாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுதல் நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவதல்ல, மனச்சங்கடத்திலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கும் வழி என்று விளக்கினார்கள். நான் புத்தகத்தை மூடியதும் நெஞ்சுக் கனம் இறங்கியதே, அதுதான். பிச்சில் பணியாற்றிய கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களையே மன்னித்துக் கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று அதில் தெரியவந்தது. ‘நீ உருப்படவே மாட்டாய்’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் புத்தகம் இன்னும் ஒரு கிலோ கனக்கிறது. பெற்றோர் இதைக் கோபமின்றிப் படிக்க வேண்டும். நானும் என் பிள்ளைகளிடம் இதையே சொன்னவன்தான்.

இனி எங்கள் வகுப்பு மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நல்ல பையன். தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது பழைய கேள்வித்தாளில் ஒரு கேள்விக்காவது விடை எழுதிப் பார்த்தாயா என்று கேட்டேன். “நாளையிலேர்ந்து கண்டிப்பா படிக்கிறேன் சார்” என்றார். அடுத்த வாரமும் அதே பதில். இதே பையன் அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படியேறிப் பால் காவடி எடுத்தவர். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் விரதம். விடியற்காலை நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல், பாயில் படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு. நண்பர்கள் மாமாக் கடையில் பொரித்த கோழியை மேசை நிறைய வைத்துக்கொண்டு கூப்பிட்டும் போகவில்லை. இருபது நிமிடம் புத்தகத்தின் முன் உட்கார முடியாதவரா இவர்?

ஒருநாள் அவரிடமே கேட்டேன். “விரதத்தை மட்டும் ஏன் தம்பி நாளைக்குன்னு தள்ளல?”

சிரித்துவிட்டார். “அது எப்படி சார் முடியும்? தைப்பூசம் நமக்காக நிக்குமா? அம்மா நாலரைக்கே எழுப்பி விட்டுருவாங்க. வீட்டுல யாருமே கவுச்சி சமைக்க மாட்டாங்க. தங்கச்சிகூட என் முன்னால சாக்லெட் திங்காது.”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தப் பதிலையே நினைத்துக்கொண்டு வந்தேன். மன உறுதி அவரிடம் இருந்தது. ஆனால் அது தனியாக நிற்கவில்லை. முடியும் நாள் நிச்சயம். தொடங்கும் நாள், மாலை போட்ட நாள், அதுவும் நிச்சயம். ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது சிறியது, தெளிவானது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிள்ளையின் விரதத்துக்காக வீடே தன்னை மாற்றிக் கொண்டது. அதே பிள்ளை தேர்வுக்குப் படிக்கும்போது வீடு என்ன செய்கிறது? தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடக் குறைப்பதில்லை. ‘போய்ப் படி’ என்கிறது. எதை, எங்கே, எத்தனை நேரம் என்று ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு விரதத்தை யாரும் முடித்துக் காட்ட முடியாது.

விரதத்தையும் படிப்பையும் நான்தான் முதலில் இணைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கொள்ளவில்லை. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், வார இறுதி வகுப்புகளோடு நிற்காமல் மாணவர்களையும் பெற்றோரையும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையாக அழைத்துச் சென்றது. அந்த ஊர்வலத்தில் பிள்ளையோடு தாயும் தகப்பனும் நடந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. (சரஸ்வதி பூசையன்று புத்தகத்தைச் சாமி முன் வைத்துத் தொடாமல் இருப்பதில் மட்டும் நம் மாணவர்கள் ஒரு குறையும் வைப்பதில்லை. மறுநாள் விஜயதசமியன்று அதை எடுத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் சிலருக்கு மறந்துவிடுகிறது.)

நேரம் அதிகம் இருந்தால் படித்துவிடலாம் என்பதும் ஒரு மயக்கமே. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவுக்கும் அது விரிந்துகொள்ளும் என்ற கருத்து உலகம் முழுவதும் ‘பார்க்கின்சன் விதி’ என்று வழங்குகிறது. அதை 1955-இல் லண்டன் ‘எக்கனாமிஸ்ட்’ இதழில் எழுதிய நார்த்கோட் பார்க்கின்சன், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். நம் பக்கத்து மண்ணில் இருந்துகொண்டு எழுதியதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமானது. மூன்று கட்டுரைகளை எப்போது தருவது என்பதை ஒரு வகுப்பு மாணவர்களே முடிவு செய்துகொள்ள விட்டார்கள். இன்னொரு வகுப்புக்கு ஆசிரியரே சம இடைவெளியில் மூன்று கெடு வைத்தார். கெடு வைக்கப்பட்ட வகுப்பே அதிக மதிப்பெண் பெற்றது.

நம் எஸ்.டி.பி.எம். தேர்விலும் 2012 முதல் இத்தகைய மாற்றம் வந்தது. ஒரே பெருந்தேர்வு போய், மூன்று தவணைத் தேர்வுகள் ஆயின. இது நல்லது என்பதே என் எண்ணம். ஆசிரியனாகப் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: சில பிள்ளைகளுக்கு ஒரு கடைசி இரவு மூன்று கடைசி இரவுகளானது, அவ்வளவுதான். ஆனாலும் முதல் தவணையில் சறுக்கியவர் இரண்டாவதில் எழுந்திருக்க இடம் உண்டு. எனக்கு அது இல்லை.

நான் எழுந்தது வேறு விதத்தில். 1984-இல் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் குமாஸ்தா வேலைக்குப் போய்க்கொண்டே, தனியார் மாணவனாக மீண்டும் எழுதப் பதிந்தேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வே கேட் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் வாசலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இன்னிக்கு என்னா படிச்ச? சொல்லு கேப்போம்.”

“ஒன்னும் படிக்கல தாத்தா.”

“சரி, நாளைக்கு வா.”

அவ்வளவே. மறுநாளும் இதே பேச்சு. மூன்றாம் நாள் வெறுங்கையோடு போகக் கூசியது. ரயிலில் வரும்போதே வரலாற்றுப் புத்தகத்தில் நான்கு பக்கம் படித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். மலாயில் படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. புரியாத இடத்தில் வாய் நின்றுவிடும். “அப்புறம்?” என்பார். இரவே போய் மறுபடி பார்ப்பேன். இப்படியே எட்டு மாதம்.

ஜப்பானியர் ஆட்சிக் காலம் வந்தது. சயாம்–பர்மா ரயில் பாதை, 1942-43, நீளம் 415 கிலோமீட்டர், மலாயாத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் கொண்டு போகப்பட்டார்கள் என்று புத்தகத்தில் இருந்த நான்கு வரியைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “இவ்ளோதான் எழுதியிருக்கா?” என்றார். அவருடைய அண்ணன் அங்கே போய்த் திரும்பாதவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதன்பின் அந்தப் பாடத்தை நான் தள்ளிப்போடவில்லை.

படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடச் சில நாள் கழித்து நன்றாக நிலைக்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அறிஞர்கள் 2006-இல் சோதனை செய்து காட்டினார்கள். கேட் காவலர் தாத்தா எந்த ஆய்வையும் படித்தவரல்லர். இரண்டாம் முறை தேறினேன், பல்கலைக்கழகம் சென்றேன், ஆசிரியனாகி 2024-இல் ஓய்வும் பெற்றேன்.

ஆகையால் பின்னறையில் நாங்கள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. உள்ளே வரும்போது கைப்பேசியைப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு மூடுகிறோம். முதல் இருபது நிமிடம் குறிப்பெடுக்கக் கூடாது, வண்ணப் பேனாவால் கோடு போடக் கூடாது, அட்டவணை போடவே கூடாது. அவையெல்லாம் படிப்பைப் போல வேடம் போட்ட தள்ளிப்போடுதல். நான் அவற்றில் பட்டம் பெற்றவன். பழைய கேள்வித்தாளில் ஒரு கேள்வி, தெரிந்த மட்டும் விடை. தெரியாவிட்டால் எது தெரியவில்லை என்று ஒரு வரி. பிறகு அருகில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும். போகும்போது, அடுத்த நாள் வீட்டில் எப்போது எங்கே தொடங்குவது என்று ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். ‘நாளை படிப்பேன்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ‘ஏழு மணிக்குக் குளித்துத் திருநீறு பூசியதும், சாப்பாட்டு மேசையில், கணக்கியல் மூன்றாம் கேள்வி’ என்று இருக்க வேண்டும். இப்படி நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே கட்டிவைப்பவர்கள் எண்ணியதைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார்.

சாப்பாட்டு மேசை என்று நான் எளிதாக எழுதிவிட்டேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி அந்தத் துண்டுத் தாளை மூன்று வாரம் வெறுமையாகவே கொடுத்தார். எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. கேட்டபோது தலை குனிந்து, “எங்க வீட்டுல மேசை இல்ல சார்” என்றார். அடுக்குமாடியில் இரண்டு அறை, ஏழு பேர். எல்லோரும் தூங்கிய பின் சமையல்கட்டில் விளக்குப் போட்டால் தாத்தாவுக்குத் தூக்கம் கெடும். அவரையும் தள்ளிப்போடுகிறவர்கள் கணக்கில்தான் நான் எழுதி வைத்திருந்தேன்.

நம் நன்கொடையாளர்கள் ஆண்டுதோறும் சிறந்த தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்குப் பொன்னாடையும் பரிசுப் பணமும் தருகிறார்கள். அது தொடரட்டும். அந்தப் பரிசு ஓட்டத்தின் முடிவில் நிற்கிறது. மேசை இல்லாத பிள்ளை தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, பத்து மணி வரை மின்சாரம். அந்த மாணவிக்கு வேண்டியிருந்தது இவ்வளவே. நிர்வாகத்தினர் அனுமதித்ததால் இப்போது பின்னறைச் சாவி என்னிடம் இருக்கிறது. வகுப்பில்லாத திங்கள், புதன், வெள்ளி மாலைகளிலும் ஏழு மணிக்குத் திறந்து பத்து மணிக்குப் பூட்டுகிறேன். இடம் பன்னிரண்டு பேருக்குத்தான். இப்போது பத்தொன்பது பேர் வருகிறார்கள், சிலர் மண்டபத் தரையில் பாய் போட்டு உட்காருகிறார்கள்.

சனி, ஞாயிறுகளில் திறக்க ஆள் இல்லை. வாரம் ஒரு மாலை வந்து அமரக்கூடிய ஓய்வுபெற்ற அன்பர்கள் தேவஸ்தான அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போகும்போது ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, இன்று என்ன படித்தாய் என்று கேட்டு, பதிலைக் கடைசிவரை கேட்கப் பொறுமை இருந்தால் போதும்.