நெல் வயலில் காசநோய் மருந்து

சம்பா பட்டத்தில் பயிர் தூர் கட்டுகிற நேரம் பார்த்துத்தான் மழை காற்றோடு அடிக்கும். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் நெல் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த வாரம் என்ன வரும் என்று தெரியும். இலை நுனியில் ஆரம்பித்து இரண்டு ஓரமும் மஞ்சள் ஓடும், பிறகு வைக்கோல் நிறத்தில் காயும். பாக்டீரியா இலைக்கருகல். உரக்கடையில் போய் "இலை காயுதுங்க" என்று சொன்னால் போதும், காப்பர் மருந்தோடு 6 கிராம் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து விடுவார்கள். அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். இரண்டுமே மனிதனுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக். ஸ்ட்ரெப்டோமைசின்தான் உலகத்தில் காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாடிக். 1943ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மன், ஷாட்ஸ் இருவரும் அதைக் கண்டுபிடித்தது எங்கிருந்து தெரியுமா? மண்ணிலிருந்து. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்கிற மண் நுண்ணுயிர் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள சுரக்கிற பொருள் அது. முதல் மழைக்கு எழுகிற மண்வாசனையும் அதே குடும்பத்தின் வேலைதான். உயிருள்ள மண் என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோமே, அந்த மண் கொடுத்த கொடை. அதைத் தொழிற்சாலையில் கிலோக் கணக்கில் செய்து, மறுபடி அதே மண்ணில் கொட்டுகிறோம்.

கொட்டினால் என்ன? ஒரு வயலில் கோடானுகோடி பாக்டீரியா. அவற்றில் ஒன்றிரண்டு பிறக்கும்போதே அந்த மருந்துக்கு அசையாத குணத்தோடு இருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று, அந்த ஒன்றிரண்டுக்கு இடத்தையும் தீனியையும் காலி செய்து கொடுக்கிறது. ஒரே களைக்கொல்லியைத் தொடர்ந்து அடித்த வயலில் அதற்குச் சாகாத களை மட்டும் மண்டுகிறதே, அதே கணக்கு. ஆனால் களைக்கு இல்லாத ஒரு வித்தை பாக்டீரியாவுக்கு உண்டு. எதிர்ப்புக் குணத்தை எழுதிவைத்த சின்ன மரபணு வளையத்தை அது பக்கத்தில் இருக்கிற வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். நெல்லில் இருப்பது நெல்லோடு நிற்கும் என்று நாம் நினைக்க முடியாது. அதே தண்ணீரில்தான் மாடு குடிக்கிறது, நடவாள் கை கழுவுகிறார்கள்.

மருத்துவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 1948ல் பிரிட்டனில் வெளியான காசநோய் ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்த நோயாளிகள் முதலில் நன்றாகத் தேறினார்கள். சில மாதத்திலேயே பலருடைய கிருமி மருந்துக்கு அடங்காமல் போனது. அதிலிருந்துதான் காசநோய்க்கு இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற வழக்கம் வந்தது.

போன சம்பாவில் என் மனைவியின் தம்பி மகள் வந்திருந்தாள். மருத்துவம் மூன்றாம் ஆண்டு. பக்கத்து வரப்பில் கிடந்த காலிப் பொட்டலத்தை எடுத்துப் படித்துவிட்டு, "மாமா, இது டிபி ஊசி மருந்தாச்சே, இங்க எப்படி வந்துச்சு?" என்றாள். நெல்லுக்கு அடிக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. நுண்ணுயிரியலும் மருந்தியலும் போன வருடம்தான் முடித்திருக்கிறாள். எந்த மருந்துக்கு எந்தக் கிருமி என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். வயலுக்கும் கோழிப் பண்ணைக்கும் இறால் குட்டைக்கும் அதே மருந்து போகிறது என்பது அவள் மனதில் பதியவே இல்லை. இன்னொன்றும் கேட்டேன். "ஏம்மா, ஹாஸ்டல்ல சளி காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?" சிரித்துக்கொண்டே, "அஜித்ரோமைசின் மூணு நாள் போட்டுக்குவாங்க மாமா" என்றாள். சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று தேர்வில் எழுதுகிற பிள்ளைகள்தான். நம் நாட்டு மருத்துவ மாணவர்களிடம் நடத்திய கேள்வித்தாள் ஆய்வுகள் பலவும் இதையே சொல்கின்றன: அறிவு இருக்கிறது, பழக்கம் வேறாக இருக்கிறது. நாளைக்குச் சீட்டு எழுதப்போவது இவர்கள் கைதான். 2022ல் நம் திருவள்ளூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் வரப்பில் நடக்கவிட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. 2010ல், கடைசிப் புகலிடமான மருந்துகளுக்கும் அடங்காத என்.டி.எம்.-1 என்ற மரபணுவைப் பற்றி லான்செட் குழும இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். சென்னையில் எடுத்த மாதிரிகளும் அதில் இருந்தன. அந்தப் பெயரில் டெல்லி வந்ததற்குத்தான் நாட்டில் பெரிய கூச்சல். கிருமியைப் பற்றிய பேச்சு பின்னால் போய்விட்டது. நல்லவேளை, 2012ல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டன. 2014 மார்ச்சில் எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் மருந்துக்கடைக்காரர் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பேங்கில் முப்பது வருடத்துக்கு மேல் பதிவேடு பார்த்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. மனிதனுக்கு ஆன்டிபயாடிக் வேண்டுமானால் சீட்டு, பதிவேடு. உரக்கடையில் அதே வகை மருந்துக்கு மருத்துவரும் இல்லை, சீட்டும் இல்லை. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் ஒரு வரைவு ஆணை போட்டது. இந்த இரண்டு மருந்தையும் 2024 தொடக்கத்திலிருந்து பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். எங்கள் பக்கம் இன்னும் கேட்டால் கிடைக்கிறது. ஆணை வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கலிஃபோர்னியா பேரித் தோட்டங்களில் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத கருகல் கிருமி 1971லேயே வந்துவிட்டது. அடிக்க அடிக்க மருந்தே செத்துப் போகும்.

நம் மாவட்டத்திலிருந்தே ஒரு பாடம் உண்டு. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.6 என்ற பழைய ரகத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். ஐ.ஆர்.20க்கு ஒரு பெற்றோர் அது. இலைக்கருகலைத் தாங்குகிற எக்ஸ்.ஏ.4 என்ற மரபணு டி.கே.எம்.6 வழியாகத்தான் பல ஐ.ஆர். ரகங்களுக்குப் போனது. ஆசியா முழுக்க அந்த ஒரே மரபணுவை நம்பி லட்சக்கணக்கான ஏக்கர் நட்டார்கள். கிருமி சில ஆண்டுகளில் அதையும் தாண்டக் கற்றுக்கொண்டது. மருந்தானாலும் சரி, மரபணுவானாலும் சரி, ஒற்றை ஆயுதத்தை ஊர் முழுக்க நீட்டினால் கிருமி வழி கண்டுபிடிக்கும். பல ரகங்களைப் பரவலாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, இலை காய்ந்தால் என்ன செய்வது? காய்வதற்கு முன்னாலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். கிள்ளிய காயம் வழியாகத்தான் கிருமி நுழைகிறது. யூரியா அதிகம் போட்ட கரும்பச்சை வயலில் இந்த நோய் தாண்டவமாடும், நம்மில் பலருக்கு அந்தக் கவலை இல்லை. நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய விடக் கூடாது. முடிந்தால் வடித்துக் காயப்போட வேண்டும். வரப்புப் புல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். நோய் தெரிந்ததும் புதுச் சாணக் கரைசல் 20 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பச்சைச் சாணம் கரைத்து, தெளியவைத்து, நன்றாக வடிகட்டித் தெளிக்க வேண்டும். பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை. இது பாட்டி வைத்தியம் மட்டுமில்லை, வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே உள்ளது. வடிகட்டுவதில் சோம்பல்பட்டால் நாசில் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மடிநோய்தான் பால்மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி அதிகம் போக வைக்கிற நோய். கால்நடைப் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகை முறை பல ஊர்களில் கைகொடுக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது வரும். பாலை முழுவதும் கறந்து மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். ஒருநாள் தடவிவிட்டு கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. மாடு காய்ச்சலில் தீனி எடுக்காமல் நின்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77ல் ஆன்டிபயாடிக் அளவுக்கு மேல் இருந்தது. அந்த நாட்களின் பால் சொசைட்டி கேனுக்கும் போகக் கூடாது, வீட்டுக் காப்பிக்கும் போகக் கூடாது.