குளத்து மீனும் நாடாப்புழுவும்

"குளத்து மீன் கொடுத்தால் பிள்ளைக்குப் பூச்சி வருமோ?" நமது கூட்டங்களில் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. பாரையும் விளையும் ஓராவும் தின்று வளர்ந்தவர்கள் நாம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சியில் ஒதுங்கி, பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னி சென்ற குடும்பங்கள்தாம் விராலையும் யப்பான் மீனையும் நாளாந்தம் சமைக்கப் பழகின. சேற்று மணம் போகப் புளி கூட்டவும் அங்குதான் கற்றுக்கொண்டோம்.

மீன் நாடாப்புழு என்றொரு புழு உண்டு. நோயாளியின் மலத்தோடு வெளியேறும் முட்டை நன்னீரில் விழுந்து பொரிக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சி அதை உண்ணும்; பூச்சியைச் சிறுமீன் உண்ணும்; சிறுமீனைப் பெருமீன் விழுங்கும். அந்த மீனை வேகாமல் தின்பவரின் குடலில் புழு ஒட்டிக்கொண்டு, பத்து மீற்றர் வரைகூட வளரும். பலருக்கு எந்த நோவும் தெரிவதில்லை. சிலருக்கு வயிற்றுவலி, வயிற்றோட்டம், களைப்பு உண்டாகும். உயிர்ச்சத்து பி12ஐப் புழு உறிஞ்சுவதால் சிலருக்கு இரத்தச்சோகையும் வரலாம்.

ஆனால் அஞ்சி மீனை விலக்கவேண்டாம். வளரும் பிள்ளைக்கு இவ்வளவு மலிவான புரதம் வேறெங்கே கிடைக்கும்? இப்புழு பெரும்பாலும் பின்லாந்து, ரஷ்யா போன்ற குளிர்நாட்டு ஏரிகளுக்கு உரியது. இந்தியாவின் முதல் நோயாளி பற்றிய அறிக்கை வேலூரிலிருந்து 1998இல்தான் வெளிவந்தது. 2011இல் தென்னிந்தியாவின் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அவ்வளவு அரிது. நம்மைக் காப்பது நமது குழம்புச் சட்டியே.

காவல் குறைவது அடுப்புக்கு வெளியில். பொடியன்கள் குளக்கட்டில் சுள்ளி மூட்டி மீனைச் சுட்டு, வெளியே கருகி உள்ளே பச்சையாகத் தின்பதைக் கண்டிருக்கிறோம். விறகு தட்டுப்பாடான நாட்களில் வீட்டிலும் அவசரமாக இறக்கிவிடுகிறோம். மீனின் உட்பகுதி 63 பாகை செல்சியசுக்குச் சூடேறவேண்டும். சதை வெளுத்து முள்ளிலிருந்து கழன்று வந்தால் வெந்துவிட்டது எனக் கொள்ளலாம். சிறிது உப்பிடுவதும் புகையூட்டுவதும் புழுவைக் கொல்லும் என நம்பவேண்டாம். நன்னீர் மீன் கருவாட்டையும் நன்கு கொதிக்க வைக்கவும். மீன் வெட்டிய கத்தியைக் கழுவாமல் சம்பலுக்கு வெங்காயம் அரியாதீர்கள். பச்சைக் குடலை நாய்க்குப் போடாதீர்கள். நாயின் வயிற்றிலும் இப்புழு வளரும்.

பிள்ளையின் மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு கண்டால் அதை ஒரு போத்தலில் இட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அரிசிமணி போன்ற துண்டுகள் நாய்த் தெள்ளால் வரும் வேறொரு நாடாப்புழுவினுடையதாகவும் இருக்கலாம். எது என்று பார்த்து, வைத்தியர் பிராசிகுவான்டல் மருந்து தருவார். பாடசாலையில் கொடுக்கும் பூச்சிக் குளிசை நாடாப்புழுவுக்கானதன்று. அது வட்டப்புழுவுக்கும் கொழுக்கிப் புழுவுக்கும் உரியது. "குளிசை போட்டாயிற்றுத்தானே" என்று இருந்துவிடவேண்டாம்.

உண்மையில் நமது பிள்ளைகளின் இரத்தத்தைக் குடிப்பது மீன்புழுவைவிடக் கொழுக்கிப் புழுவே. அது மீனில் வருவதில்லை. ஈரமண்ணில் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. முகாமில் பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம் என்றிருந்தபோது பிள்ளைகள் வேலியோரம் ஒதுங்கினார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் மாறவில்லை. மீள்குடியேறிய காணியில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் மலசலகூடக் குழியை வெட்டுங்கள். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். நமது சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு விரைவில் கிணற்றுக்கு இறங்கிவிடும்.