அறுபது வாட்டின் கணக்கு

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெச்சூர் வானொலிப் பரீட்சையில் தேறி, உரிமமும் கைக்கு வந்து, பத்து வாட் கருவியொன்றை வைத்துக்கொண்டு 7 மெகாஹெர்ட்ஸில் ஆறு மாத காலமாகப் பேசி வருகிறாய் என்பதையும், மாலை வேளையில் எழும் இரைச்சலுக்கு நடுவே உன் குரல் அமுங்கிப் போவதால் வால்வு வைத்த சக்திப் பெருக்கியொன்றை உன் கையாலேயே கட்டிவிடத் துணிந்திருக்கிறாய் என்பதையும் வாசித்தபோது, என் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கும் இரண்டு 807 வால்வுகள் என் நினைவுக்கு வந்தன. அவற்றை உனக்கே அனுப்புவதென்று அப்பொழுதே தீர்மானித்துவிட்டேன். ஆனால் வால்வுகளுக்கு முன்னால் இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர வேண்டும். இதை இரண்டு முறை வாசித்த பிறகே அந்தப் பெட்டியை நீ திறக்க வேண்டும்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்து வாட்டை நூற்றிருபதாக ஆக்கினால், கேட்பவருடைய ரிசீவரில் S மீட்டரின் முள் இரண்டு படிகூட முழுமையாக ஏறாது. உன் ஏரியல் தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்தால், அதைத் தென்னை மர உயரத்துக்கு ஏற்றுவதே அதிகப் பிரயோஜனம் தரும். அதில் பிராணாபத்தும் குறைவு. ஏரியலைச் சரிசெய்த பின்னும் தேவை இருந்தால், உன் உரிமத்தில் கண்ட ஆற்றல் வரம்புக்கு உட்பட்டே பெருக்கியைக் கட்டு.

807 என்பது 1936-ம் வருஷம் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி வெளியிட்ட வால்வு. பிளேட்டுக்கான இணைப்பு கண்ணாடியின் உச்சியில் ஒரு தொப்பியாக நிற்கும். அடியில் ஐந்து கால்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் இது ஏராளமாகச் செய்யப்பட்டு, யுத்தம் ஓய்ந்தபின் ராணுவக் கழிவுச் சரக்காக மலிந்த விலைக்கு வந்ததனால், டிரான்ஸ்மிட்டர் கட்ட ஆசைப்பட்டு, ஆனால் பையில் பணமில்லாமல் இருந்த என்னைப் போன்ற இளைஞர்களுக்கெல்லாம் முதல் ஆசானாக அமைந்தது. இதைவிடப் பெரிய வால்வுகள் எத்தனையோ உண்டு. எனினும், கற்றுக்கொள்கிறவருக்கு 807-ஐவிட நல்ல வால்வு வேறு கிடையாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சக்திப் பெருக்கி என்பது சக்தியைச் சிருஷ்டிக்கும் யந்திரம் அன்று. மின்வாரியத்தின் கம்பியிலிருந்து வாங்கிய சக்தியை, உன் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப, ஏரியலுக்குத் திருப்பிவிடும் ஒரு மடை. மடையில் வந்த நீரெல்லாம் வயலுக்குப் போய்ச் சேருவதில்லை அல்லவா? ஆகையால் பெருக்கி கட்டுகிறவர் தம்மையே ஓயாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: வானத்துக்குப் போகாத சக்தி எங்கே போயிற்று?

கணக்கைப் பார். இரண்டு 807-களையும் ஒருங்கே இணைத்து, பிளேட்டுக்கு 750 வோல்ட்டும், ஸ்கிரீனுக்கு 300 வோல்ட்டும், கிரிட்டுக்கு எதிர்த்திசையில் ஏறக்குறைய 32 வோல்ட்டும் கொடுத்து நடத்தினால், குரலின் உச்சத்தில் பிளேட் கரண்ட் 240 மில்லியாம்பியர் வரையில் ஏறும். அதாவது உள்ளே போவது 180 வாட். வெளியே வருவது சுமார் 120 வாட். எஞ்சிய 60 வாட்டும் அந்த இரண்டு பிளேட்டுகளிலேயே உஷ்ணமாகத் தங்குகிறது. வால்வு ஒன்றுக்கு 30 வாட். விட்டுவிட்டு உபயோகிக்கும் அமெச்சூர்களுக்கென்று வால்வைச் செய்தவர்கள் விதித்த வரம்பும் அதே 30 வாட்தான். ஆகவே உன் டியூனிங் ஓர் இம்மி பிசகினாலும், ஏரியலுக்குப் போக வேண்டியது உள்ளேயே தேங்கி, வரம்பு மீறிப்போகும். அவ்வாறு தேங்கும் ஒவ்வொரு விநாடியும் வால்வின் ஆயுளிலிருந்து கழிகிறது. பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாக டியூன் செய்யாதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததன் காரணம் இதுவே.

உஷ்ணமாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கும் சக்தியும் ஒன்றுண்டு. பவர் சப்ளையில் 100 மைக்ரோபாரட், 450 வோல்ட் கண்டன்ஸர்கள் இரண்டைத் தொடராக வைத்தால் கிடைக்கும் 50 மைக்ரோபாரட்டில், 750 வோல்ட்டில் 14 ஜூல் சேர்ந்திருக்கும். ஒரு கிலோ எடைக்கல்லை உன் தோளுயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவோ, அவ்வளவு. அது உன் ஒரு கை வழியே ஏறி, மார்பைக் கடந்து, மறு கை வழியே இறங்குமானால் இருதயத்தை நிறுத்திவிடக் கூடும். இதற்காகத்தான் கண்டன்ஸர் ஒவ்வொன்றின் குறுக்கேயும் பிளீடர் என்னும் தடையை வைக்கிறோம். 25 கிலோ ஓம், 20 வாட் தடை ஒவ்வொன்றுக்கும் வைத்தால், சுவிட்சை அணைத்த பதின்மூன்று விநாடிக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். இரண்டு கண்டன்ஸர்களுக்கும் வோல்ட்டேஜைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதும் அவையே.

வடிந்துவிடும் என்று நான் எழுதுகிறேன். வடிந்துவிட்டது என்று நீ நம்பிவிடாதே. எனக்கு முப்பது வயதிருக்கும்போது, எண்ணெய் நிரப்பிய காகிதக் கண்டன்ஸர் ஒன்றை வைத்து ஒரு பவர் சப்ளை கட்டியிருந்தேன். ஒரு நாள் இரவு சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு வந்து மூடியைக் கழற்றினேன். பழக்கத்தின் காரணமாக மட்டுமே, நீண்ட மரப்பிடியில் கட்டிய எர்த் கம்பியின் கொக்கியைக் கண்டன்ஸரின் முனையில் வைத்தேன். துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம்; கொக்கியின் நுனியில் மிளகளவு செம்பு உருகித் தெறித்துவிட்டது. உள்ளே பார்த்தால், பிளீடரின் மேற்பூச்சு சற்றும் வெடிக்காமல் புதிதுபோல் இருக்க, அதற்குள்ளே சுற்றிய மெல்லிய கம்பி மட்டும் அறுந்து கிடந்தது. கொக்கியை எடுக்காமல் நேரே கையை வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆகையால் குழந்தாய், பிளக்கைப் பிடுங்கு, மீட்டர் இறங்குவதைப் பார், பிறகு கொக்கியை மாட்டு. மாட்டிய கொக்கியை, வேலை முடிந்து மூடியைப் போடும் வரையில் எடுக்காதே. ஏனெனில் ஒரு முறை வடித்த கண்டன்ஸரிலும் சிறிது நேரத்தில் வோல்ட்டேஜ் மீண்டும் ஊறி எழுவதுண்டு.

ஏரியலோடு இணைக்கும் பை நெட்வொர்க்கைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கணக்கைப் போட்டுத் தருகிறேன். இரண்டு வால்வுகளும் விரும்பும் சுமை ஏறக்குறைய 2000 ஓம். உன் கேபிளோ 50 ஓம். இந்த நாற்பது மடங்கு வித்தியாசத்தை இணைக்க, 7 மெகாஹெர்ட்ஸில் பிளேட் பக்கம் 135 பிகோபாரட், ஏரியல் பக்கம் 725 பிகோபாரட், நடுவே 4.2 மைக்ரோஹென்ரி காயில். இரண்டு அங்குல விட்டத்தில், இரண்டு அங்குல நீளத்துக்குப் பரவலாகப் பதினொரு சுற்றுத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றினால் காயில் ஆயிற்று. ஏரியல் பக்கத்துக்குப் பழைய ரேடியோவின் இரட்டை கேங் போதும்; அங்கே வோல்ட்டேஜ் சொற்பம். பிளேட் பக்கத்து கண்டன்ஸரின் தகடுகளுக்கு இடையே நல்ல இடைவெளி வேண்டும். அங்கே ரேடியோ கேங்கை வைத்தால் பொறி பறக்கும். கேபிள் முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு 2.5 மில்லிஹென்ரி சோக்கை மறவாமல் வை. பிளேட்டுக்கும் இந்த நெட்வொர்க்குக்கும் நடுவே வோல்ட்டேஜைத் தடுத்து நிற்கும் கண்டன்ஸர் என்றேனும் ஷார்ட் ஆனால், 750 வோல்ட் உன் ஏரியல் கம்பிக்கு ஏறாமல், இந்தச் சோக் வழியே எர்த்துக்குப் போய்ப் பியூஸை எரித்துவிடும். சில ரூபாய்ச் சாமான், ஓர் உயிரின் விலை.

நான் அதிகமாக அவஸ்தைப்பட்டது மூன்றாவது வகைக் கசிவில். 807 மிகுந்த உணர்ச்சியுள்ள வால்வு. சிறிது தூண்டினாலே பெரிதாகப் பெருக்கும் இந்தக் குணம், இணைப்புக் கம்பிகளின் நீளத்தையே காயிலாக எடுத்துக்கொண்டு, நீ கேட்காத உயர்ந்த அலையெண்ணில், நூறு மெகாஹெர்ட்ஸையும் தாண்டி, தானாகவே துடிக்கத் தொடங்கும் துர்க்குணமாகவும் மாறிவிடுகிறது. அப்பொழுது ஏரியலில் சக்தி குறையும், வால்வு கொதிக்கும், காரணம் விளங்காது. கண்டுபிடிக்கும் உபாயம்: டிரைவ் ஒன்றும் கொடுக்காமல், குறைந்த பிளேட் வோல்ட்டேஜில், டியூனிங் கண்டன்ஸரை மெள்ள ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பு. பிளேட் கரண்ட் அசையாமல் நிற்க வேண்டும்; முள் ஓரிடத்தில் துள்ளினால் உள்ளே கள்ளன் இருக்கிறான். பிளேட் தொப்பிக்குப் போகும் கம்பியில், 50 ஓம் அளவுள்ள கார்பன் தடையின் மேலேயே நாலைந்து சுற்றுக் கம்பியைச் சுற்றி வை. கிரிட் காலிலேயே ஒரு சிறு தடையைப் பற்றவை. ஸ்கிரீன் கண்டன்ஸரின் கம்பிகளை அரை அங்குலத்துக்குமேல் நீளவிடாமல் சாக்கெட்டிலேயே எர்த் செய். அழகுக்காகக் கம்பிகளைச் செங்கோணமாக மடித்து நீளமாக ஓட்டுகிற வழக்கத்தை இந்த ஒரு வேலையில் கைவிட்டுவிடு. உன் பத்து வாட் இந்த வால்வுகளுக்கு மிகமிக அதிகம். மிகுதியை கிரிட் பக்கத்தில் ஒரு தடையில் செரிக்கச் செய்தால் அடக்கமும் கூடும்.

கட்டி முடித்தபின் வால்வின் முகத்தைப் படிக்கப் பழகு. டிரான்ஸிஸ்டர் சொல்லாமல் சாகும். வால்வு சொல்லிவிட்டுத்தான் சாகும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உற்றுப் பார். கண்ணாடியின் உட்புறத்தை ஒட்டி, நீ பேசும்போதெல்லாம் நீல நிறம் படபடத்தால் அஞ்சாதே. அது தப்பிய எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதும் ஒளி. அதே நீலமோ ஊதாவோ, பிளேட்டுக்கும் கத்தோடுக்கும் நடுவே புகைபோல் நிரம்பி நின்றால் வால்வுக்குள் வாயு புகுந்துவிட்டது; உடனே அணைத்துவிடு. வெள்ளிபோல் மின்னும் கெட்டர் பூச்சு பால்வெள்ளையாகிவிட்டதோ, அந்த வால்வு மாண்டது. கறுத்த பிளேட் சிவந்து தெரிந்தால் வரம்பு மீறிவிட்டாய். ஆனால் நாளை நீ 3-500இசட் போன்ற பெரிய வால்வைக் கட்ட நேர்ந்தால் இந்தப் பாடத்தை அப்படியே பெயர்த்து வைக்காதே. அதன் பிளேட் மங்கிய செந்நிறத்தில் ஒளிர்வதே சுபாவம், அந்தச் சூட்டில்தான் அதன் கெட்டர் வாயுவை உறிஞ்சும். ஒன்றின் ஜுரம் மற்றொன்றின் ஆரோக்கியம்.

இயக்கும் முறையில் ஒரே நியதி: முதலில் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், அரை நிமிஷமாவது பொறு, கிரிட் வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பார், பிறகு பிளேட், கடைசியாக ஸ்கிரீன். பிளேட்டில் வோல்ட்டேஜ் இல்லாமல் ஸ்கிரீனுக்கு மட்டும் கொடுத்தால், பிளேட்டுக்குப் போக வேண்டிய எலெக்ட்ரான் பிரவாகமெல்லாம் அந்த மெல்லிய கம்பியின்மீதே விழுந்து, கண்மூடித் திறப்பதற்குள் அதை எரித்துவிடும். இரண்டு விஆர்-150 குழாய்களைத் தொடராக வைத்தால் ஸ்கிரீனுக்கு 300 வோல்ட் நிலையாக நிற்கும். அவற்றின் இளஊதா ஒளி எரிகிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனையே.

பராமரிப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மூடியைத் திறந்து, உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பிளேட் தொப்பியின் கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதி நோய்கள் வருவதில்லை. கிளிப் தளர்ந்தால் அங்கே சூடேறித் தொப்பியின் ஈயமே உருகிவிடும். பல்லி நுழையாதபடி காற்றுத் துவாரங்களுக்கு வலை அடித்துவிடு. ஆனால் காற்றை அடைத்துவிடாதே.

வால்வுகள் அடுத்த வாரம் வந்து சேரும். வெகுகாலம் உறங்கியவையாதலால், முதலில் ஒரு பகல் முழுவதும் ஹீட்டரை மட்டும் எரியவிடு. அதன்பின் ஏரியலில் இணைக்காமல், 1000 ஓம் கார்பன் தடைகள் இருபதை ஒருங்கே பற்றவைத்து 50 ஓம் டம்மி லோடு செய்து, அதை எண்ணெயில் மூழ்க வைத்து, சில விநாடிகள் மட்டும் சோதித்துப் பார்த்து, பிளேட் கரண்ட் எவ்வளவு காட்டுகிறது என்று எனக்கு எழுது. உயர்ந்த வோல்ட்டேஜை முதன்முதலில் இணைக்கும் நாளன்று மாத்திரம் நீ வீட்டில் தனியாக இராதே. உன் அம்மாவை அறை வாசலில் நிற்கச் சொல்லி, மெயின் சுவிட்ச் எது என்பதை அவளுக்குக் காட்டி, ஒரு முறை அவள் கையாலேயே அதை அணைத்துப் பார்க்கச் சொன்ன பிறகு வேலையைத் தொடங்கு.

இப்படிக்கு,
உன் தாத்தா