குத்துச்சண்டையும் பாரப் பயிற்சியும்

பாரந் தூக்குபவன் விரைவை இழப்பான். விரைவை இழந்தவன் குத்துச்சண்டை அரங்கிற்கு ஆகான். இக்கொள்கை குத்துச்சண்டை ஆசிரியர்களிடையே நெடுங்காலம் வேதவாக்குப் போல வழங்கிவந்தது. விடியலில் நெடுந்தூரம் ஓடுதல், கயிறடித்தல், மணற்பையைக் குத்துதல், விறகு பிளத்தல் ஆகியனவே வீரனுக்குரிய பயிற்சிகள் எனப்பட்டன. இரும்பைத் தொட்டாற் தசைகள் இறுகிக் கட்டையாகிவிடும் என்று நம்மில் மூத்தோர் பலரும் மாணவப் பருவத்தில் எச்சரிக்கப்பட்டோம். அவ்வச்சம் எவ்வளவு தூரம் பொருந்தும், இரும்பு எப்பொழுது வீரனுக்குத் துணையாகும், எப்பொழுது பகையாகும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சத்தை அசைத்த போட்டி

1985ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் லரி ஹோம்ஸ், மைக்கல் ஸ்பிங்ஸ் என்னும் இருவரும் உலகப் பார நிறைப் பட்டத்துக்காகப் பொருதனர். ஹோம்ஸ் 48 போட்டிகளிலே தோல்வியறியாதவர். இன்னுமொன்றை வென்றால் ரொக்கி மார்சியானோவின் 49 வெற்றிகளுக்கு நிகராவார். ஸ்பிங்சோ 175 இறாத்தலை எல்லையாகக் கொண்ட பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய பயிற்சியைத் திட்டமிட்ட மாக்கி ஷில்ஸ்டோன், நெடுந்தூர ஓட்டத்தைக் குறைத்துக் குறுகிய விரைவோட்டங்களையும் பாரப் பயிற்சியையும் கூட்டினார். ஏறத்தாழ 200 இறாத்தல் நிறையுடன் அரங்கேறிய ஸ்பிங்ஸ், 15 சுற்றுகளின் பின் நடுவர் தீர்ப்பால் வெற்றி பெற்றார். விரைவிலும் அவர் குறைந்தவராகத் தோன்றவில்லை.

ஒரு வெற்றி ஒரு கொள்கையை நிறுவிவிடாது என்பது உண்மையே. ஹோம்ஸ் அப்பொழுது 35 வயதை எட்டியிருந்தார். ஆயினும், இரும்பு விரைவைக் கொல்லும் என்ற பழைய அச்சம் அன்று ஆட்டங்கண்டது. பின்னர் இவாண்டர் ஹோலிபீல்டும் பாரப் பயிற்சியால் உடலை வளர்த்து, 1990இல் அதே நிறைப் பிரிவின் பட்டத்தைப் பெற்றார்.

குத்தின் வன்மை பிறக்குமிடம்

குத்துவது கையாயினும் அதன் வன்மை பிறப்பது கையிலன்று. பின்கால் நிலத்தை உதைக்கின்றது. அவ்விசையை இடுப்பு திருப்பி மேலே அனுப்புகின்றது. உடல் அதனைத் தோளுக்குக் கடத்துகின்றது. கை அதனை இலக்கிற் சேர்க்கின்றது. 120 குத்துச்சண்டை வீரர்களை ஆராய்ந்து சோவியத் ஆய்வாளர் வெளியிட்ட முடிவுகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. தேர்ந்த வீரரின் நேர்க்குத்தில் நூற்றுக்கு 38 பங்கு கால்களிலிருந்தும், 37 பங்கு உடலின் திருப்பத்திலிருந்தும், 24 பங்கு மாத்திரமே கைகளிலிருந்தும் வந்தன. இளம் வீரரிடத்திலோ கால்களின் பங்கு ஏறத்தாழ 17. கைகளின் பங்கு 38.

எனவே, புயத்தைப் பருக்கச் செய்யும் பயிற்சி குத்துச்சண்டைக்கு அதிகம் உதவாது. கால், இடுப்பு, முதுகு என்பவற்றை ஒன்றிணைத்து இயக்கும் பயிற்சியே வேண்டப்படுவது. இன்னொன்றும் நினைவிற் கொள்ளற்பாலது. தசையொன்று தன் முழு வலிமையையும் வெளிப்படுத்த ஒரு விநாடியிற் பத்தில் மூன்று பங்கோ அதற்கு மேலோ செல்லும். குத்து அதற்கு முன்னரே முடிந்துவிடும். ஆகவே வலிமை இருந்தாற் போதாது. அது சட்டென எழவும் வேண்டும், எழுந்தபின் உடனே தளரவும் வேண்டும். தளராத தசையே மெல்லக் குத்தும் தசை. முதியோரின் அச்சத்தில் இருந்த உண்மை இவ்வளவே.

கெட்டில்பெல்லும் அதன் வீச்சும்

இத்தேவைக்கு நன்கு பொருந்துவது கெட்டில்பெல் என்னும் இரும்புக்குண்டு. பீரங்கிக் குண்டொன்றின் தலையிற் பெரிய பிடியொன்றைப் பொருத்தினாற் போன்றது அது. உருசிய நாட்டுச் சந்தைகளிலே தானியம் நிறுக்கும் படிக்கல்லாக இருந்து, பின்னர் வலிமை காட்டுவோரின் கருவியாயிற்று. அந்நாட்டுப் பழைய அளவாகிய ஒரு பூட் ஏறத்தாழ 16 கிலோகிராம் ஆதலால், இன்றும் 16, 24, 32 கிலோ என்னும் படிகளில் இக்குண்டுகள் வார்க்கப்படுகின்றன. 1985இற் சோவியத் நாட்டில் இது விதிமுறைகளுடன் கூடிய விளையாட்டாக ஏற்கப்பட்டது.

இதன் தலையாய பயிற்சி வீச்சு. கால்களைத் தோளகலத்திற்குச் சற்றுக் கூடுதலாக விரித்து, முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்தள்ளிக் குண்டினைத் தொடைகளினிடையே பின்னோக்கிச் செலுத்துக. பின்பு இடுப்பைச் சட்டென முன்செலுத்தி நிமிர்க. குண்டு தானே மார்பளவுக்கு எழும். கைகள் கயிறு போன்றவை, அவை தூக்குவதில்லை. இடுப்பு நிமிரும் கணத்தில் மூச்சைச் சுருக்கென வெளிவிடுக. ஒரு கணம் இறுக்கம், மறுகணம் தளர்ச்சி. குத்துக்கு வேண்டிய பண்பும் இதுவே.

2012இல் வெளியான ஆய்வொன்றில், வாரம் இருமுறையாக 6 வாரங்கள் வீச்சு மாத்திரம் பயின்றவர்களின் வலிமையும் பாய்ச்சலும் உயர்ந்தமை காணப்பட்டது. 30 விநாடி வீச்சு, 30 விநாடி ஓய்வு, இவ்வாறு 12 முறை என்பதே அவர்கள் பயின்ற முறை. 12 நிமிடத்தில் முடியும் இம்முறை நம் மாணாக்கருக்கும் ஏற்றது.

பிற முறைகள்

கெட்டில்பெல் மாத்திரம் போதுமென்று கருதலாகாது. உயர்ந்த வலிமைக்கு நீள்சட்டப் பாரத்தை நிலத்திலிருந்து தூக்கும் பயிற்சியே சிறந்தது. ஒவ்வொரு தொடரிலும் ஐந்து முறைக்கு மேல் வேண்டியதில்லை. உடலின் திருப்பத்துக்கு 3 கிலோ மெடிசின் பந்தைப் பக்கவாட்டில் நின்று சுவரில் எறிதல் நன்று. குத்திய கையை விரைந்து மீட்கும் முதுகுத் தசைகளுக்குச் சட்டத்திற் தொங்கி எழுதல் உதவும். கிடந்த நிலையிலிருந்து ஒரு கையிற் குண்டை உயர்த்திப் பிடித்தவாறே எழுந்து நிற்றல் தோளைக் காக்கும்.

விலக்க வேண்டியதும் ஒன்றுண்டு. கைகளிற் சிறு பாரங்களைப் பிடித்துக்கொண்டு காற்றிற் குத்துவோர் பலர். பாரம் கையைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. குத்தோ முன்னோக்கிச் செல்வது. ஆதலால் தோள் வீணே களைப்பதுடன் குத்தின் பாதையும் கெடுகின்றது.

ஓர் எச்சரிக்கை

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பயிற்றிய மாணவன் ஒருவன் 16 கிலோ குண்டை மூன்றே வாரங்களில் விட்டு 24 கிலோவுக்குச் சென்றான். அவனது ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்தேன். எத்தனை வீச்சு என்று எண்ணினேனேயன்றி, களைத்த நிலையில் அவன் முதுகு வளைவதைக் கவனித்தேனல்லேன். அவ்வாண்டுப் போட்டி நடந்தபோது அவன் இடுப்பு வலியுடன் பார்வையாளர் வாங்கில் அமர்ந்திருந்தான். பிழை அவனுடையதன்று.

அன்று தொட்டு நான் மூன்று விதிகளைக் கைக்கொள்கிறேன். முதலாவது, வெறுங்கையுடன் இடுப்பை மடக்கப் பழகாதவன் குண்டைத் தொடலாகாது. இரண்டாவது, முதுகு வளைந்த கணமே எண்ணிக்கை முடிந்தது. மீதியை நாளை பார்க்கலாம். மூன்றாவது, பாரப் பயிற்சி வாரத்தில் இரு நாள் மாத்திரம்; எதிராளியுடன் பொருதும் நாளிலும் போட்டிக்கு முந்திய வாரத்திலும் பாரம் வேண்டாம். வீரன் தன் தொழிலைக் கற்பது அரங்கிலேயே. அங்கே பயிலும் நேரத்தை இரும்பு திருடுமாயின், எத்தனை கிலோ தூக்கினும் பயனில்லை.

அம்மாணவன் மறு ஆண்டு 12 கிலோவிலிருந்து மீண்டுந் தொடங்கினான். மூன்றாஞ் சுற்றிலும் அவன் பின்கால் நிலத்தை உதைத்ததை நான் அரங்கின் மூலையிலிருந்து கண்டேன்.