ரவுட்டரைத் திட்டுவதற்கு முன்

நெட் வரவில்லை என்றதும் நம் வீடுகளில் நடக்கிற முதல் வைத்தியம் ரவுட்டரை அணைத்துப் போடுவது. அடுத்தது, இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவது. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் ஏதாவது ஒரு தளம் திறக்கிறதா என்று பாருங்கள். போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் வெளியாள் யாரையும் குறைசொல்ல வேண்டாம். கோளாறு பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அடாப்டரிலோ, அதன் அமைப்பிலோ, அதில் செருகிய கேபிளிலோதான் இருக்கும்.

அடாப்டர்களை ஒரே இடத்தில் பார்க்க எளிய வழி இருக்கிறது. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் என்சிபிஏ, ஒரு புள்ளி, சிபிஎல் என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். செட்டிங்ஸ் மெனுவை மைக்ரோசாப்ட் ஒவ்வொரு பதிப்பிலும் மாற்றி மாற்றி அடுக்கினாலும், எக்ஸ்பி காலத்து இந்தக் குறுக்குவழி விண்டோஸ் 11-லும் வேலை செய்கிறது.

திறக்கும் பட்டியலில் ஈதர்நெட் என்றிருப்பது கேபிள் இணைப்பு. வைஃபை எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஐகான் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும். ஈதர்நெட்டில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் கேபிளில் சிக்னலே வரவில்லை. ரவுட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள். ப்ளூடூத் இணைப்பில் பெரும்பாலும் சிவப்புக் குறி இருக்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், விபிஎன் என்ற பெயர்களில் இருப்பவை அந்தந்த மென்பொருள் போட்டு வைத்தவை. தெரியாமல் கைவைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் டிஸேபிள் மட்டும் செய்து பாருங்கள், திரும்ப எனேபிள் செய்துகொள்ளலாம். ஆனால் எனிடெஸ்க் போன்ற ஒன்றின் வழியாகத் தூரத்துக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது அங்குள்ள அடாப்டரை டிஸேபிள் செய்துவிடாதீர்கள். அந்த நொடியே இணைப்பு அறுந்துவிடும். மறுபடி எனேபிள் செய்ய அந்த ஊரில் ஓர் ஆள் வேண்டும்.

இப்போது பலரும் கோட்டைவிடுகிற இடத்துக்கு வருவோம். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள், கேபிளும் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஸ்பீடு டெஸ்ட் 94, 95-ஐத் தாண்ட மறுக்கிறது. ஈதர்நெட் ஐகானை டபுள் கிளிக் செய்து ஸ்பீடு என்ற வரியைப் பாருங்கள். 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் 100.0 எம்பிபிஎஸ் என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இணைப்பே நூறில்தான் ஓடுகிறது, அதற்குமேல் எப்படி வரும்?

கேபிள் முனையிலுள்ள கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எட்டு ஒயர்கள், நான்கு ஜோடிகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. வழக்கமான வயரிங்கில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஓர் ஒயர் சரியாகப் பிடிக்காவிட்டால், பெரும்பாலான அடாப்டர்கள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். நெட் ஓடிக்கொண்டிருப்பதால் கேபிள்மீது யாருக்கும் சந்தேகமும் வராது. பிளக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் சரியாகிவிடும். கேபிள் நன்றாக இருந்தும் நூறுதான் என்றால் ரவுட்டரின் போர்ட்டைச் சந்தேகியுங்கள்; மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் போர்ட்டே நூறுதான். யுஎஸ்பி 2.0 லேன் அடாப்டர்களில் பெரும்பாலானவையும் அப்படியே.

இதைச் சரிசெய்கிறேன் என்று அடாப்டரின் அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸை நீங்களாக மாற்றிவைக்க வேண்டாம். ஆட்டோ நெகோஷியேஷன் என்றே இருக்கட்டும். ஒருமுனையில் மட்டும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்தினால் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பிறகு இருந்த வேகமும் இருக்காது.

வைஃபையில் பார்க்க வேண்டியது பேண்ட். செட்டிங்ஸில் நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸா 5 கிகாஹெர்ட்ஸா, எந்தச் சேனல் என்பதெல்லாம் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4-இல் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ரவுட்டருக்குப் பக்கத்து அறையில் இருந்தால் 5-க்கு மாறுங்கள். நாலு சுவர் தாண்டி என்றால் 2.4-தான் கைகொடுக்கும். ரவுட்டரில் 5 இருந்தும் உங்கள் லேப்டாப்பின் பட்டியலில் அது வரவே இல்லையா? பழைய அடாப்டர்கள் பலவற்றுக்கு அந்த பேண்டே தெரியாது. டூயல் பேண்ட் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகலாம். ரவுட்டரை மாற்றிப் பயனில்லை.

கனெக்டட் என்று காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்றால் அடாப்டர் ஐகானை டபுள் கிளிக் செய்து, வரும் ஸ்டேட்டஸ் ஜன்னலில் டீடெய்ல்ஸை அழுத்துங்கள். ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். டிஸேபிள் செய்து எனேபிள் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். ஆபீஸில் நிரந்தர ஐபி போட்டுக் கொடுத்த லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேறு சிக்கல். அதற்கு ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸில் தானாக முகவரி பெறும் தேர்வுக்கு மாற்ற வேண்டும். பழைய எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகு மாற்றுங்கள், திங்கட்கிழமை மறுபடி தேவைப்படும்.

லேப்டாப் தூங்கி எழுந்ததும் வைஃபை காணாமல் போகிறதென்றால், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தப் பகுதியே இருக்காது. அங்கு டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கலாம். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதை இன்னொரு ஈதர்நெட்டாக எடுத்துக்கொள்ளும், வைஃபை டிரைவர் தேவைப்படாது.

நெட்வொர்க் ரீசெட் என்ற பட்டனைக் கடைசிக்கு வையுங்கள். அது எல்லா அடாப்டர்களையும் நீக்கித் திரும்ப நிறுவும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன்னை மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களைக் கேட்காமல் அழுத்தாதீர்கள். சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள். சில நிமிடங்களில் அது தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.