மூலநிரலைத் தொகுக்கையில் எழும் பிழைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை அதன் மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவ முற்படுவோர் பெரும்பாலும் முதலில் இயக்குவது 'கான்ஃபிகர்' என்னும் கட்டளைநிரலை. எந்தக் கம்பைலர் உள்ளது, வேண்டிய நிரல் நூலகங்கள் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, அதற்கேற்பத் தொகுப்பு விதிகளை எழுதித் தருவது அதன் பணி. 1991-இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய 'ஆட்டோகான்ஃப்' என்னும் கருவியே இத்தகைய கட்டளைநிரல்களை உருவாக்குகிறது. இக்கட்டத்தில் எழும் பிழைகளைப் பற்றி வழங்கிவரும் சில நம்பிக்கைகள், அப்பிழைகளைவிட அதிக நேரத்தை விழுங்குகின்றன.

நம்பிக்கை: திரையின் கடைசி வரியே பிழை.

'மேக்' என்னும் தொகுப்புக் கருவி நிற்கும்போது காட்டும் 'எரர் 2' என்பது, அது ஏவிய கட்டளை ஒன்று தோற்றது என்னும் அறிவிப்பு மட்டுமே; காரணம் பல வரிகளுக்கு மேலே, முதலில் வந்த பிழையில் இருக்கும். கான்ஃபிகர் நிலையிலேயே வேலை நின்றுவிட்டால் 'கான்ஃபிக்.லாக்' என்னும் பதிவுக் கோப்பைத் திறக்க வேண்டும். சி கம்பைலரால் இயங்கு கோப்பை உருவாக்க முடியவில்லை என்ற செய்தியைக் கண்டதும் கம்பைலரையே நீக்கி மறுபடி நிறுவுவோர் உண்டு. ஆனால் கம்பைலருக்கான தெரிவுகளைத் தாங்கும் 'சிஃபிளாக்ஸ்' மாறியில் ஓர் எழுத்து பிசகினாலும் அதே செய்தி வரும். பதிவுக் கோப்பின் இறுதியில் மாறிகளின் நீண்ட பட்டியலே இருப்பதால், அடிப்பகுதியை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் புலப்படாது. அப்பட்டியலுக்கு மேலே சென்று, 'ஃபெயில்டு புரோகிராம் வாஸ்' என்று கடைசியாக வரும் இடத்தைக் கண்டுபிடித்தால், அதற்குச் சற்று முன்னே கம்பைலர் சொன்ன குறை அப்படியே பதிவாகியிருக்கும். பின்னே, தோற்ற சோதனை நிரலின் படியும் இருக்கும்.

நம்பிக்கை: நூலகம் கணினியில் இருக்கிறது, ஆகவே 'இல்லை' என்னும் செய்தி பொய்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் ஒரு நூலகம் பொதுவாக இரு பொதிகளாகப் பிரிந்திருக்கும். எடுத்துக்காட்டாக, இசட்லிப் நூலகத்தின் 'இசட்லிப்1ஜி' பொதி இயங்கும் நிரல்களுக்குப் போதும்; தொகுப்பதற்கு வேண்டிய 'இசட்லிப்.ஹெச்' என்னும் ஹெடர் கோப்பு, அதாவது நூலகத்தின் செயல்களைக் கம்பைலருக்கு அறிவிக்கும் கோப்பு, 'இசட்லிப்1ஜி-டெவ்' பொதியில்தான் உள்ளது. ஃபெடோராவில் இதே பணிக்கான பொதிகள் '-டெவெல்' என முடியும்.

நம்பிக்கை: 'சூடோ' சேர்த்து இயக்கினால் பிழை தீரும்.

தீராது. அது தரும் நிர்வாகி உரிமை பெரும்பாலும் இறுதி நிறுவலுக்கு மட்டுமே வேண்டியது. முன்னதாகவே அதைப் பயன்படுத்தினால் கோப்புகள் நிர்வாகியின் உடைமையாகி, அடுத்த முறை அனுமதி மறுப்பு என்னும் புதிய பிழை முளைக்கும்.

நம்பிக்கை: அமைப்பை மாற்றிவிட்டு மீண்டும் இயக்கினாலே போதும்.

கான்ஃபிகரைப் போன்றே சோதனைகளைச் செய்யும் 'சிமேக்' என்னும் கருவி, தான் கண்டறிந்தவற்றைச் 'சிமேக்கேச்' கோப்பில் சேமித்துக்கொண்டு அடுத்த முறையும் அவற்றையே நம்புகிறது. 'சிசி' சூழல் மாறியில் வேறு கம்பைலரைக் குறித்தாலும் அது பொருட்படுத்தாது. தொகுப்பு அடைவை அழித்துத் தொடங்குவதோ, 3.24 பதிப்பு முதல் உள்ள '--ஃபிரெஷ்' தெரிவைத் தருவதோதான் வழி.

நம்பிக்கை: பிழையின்றி முடிந்தால் மென்பொருள் முழுமையானது.

இது மற்ற எல்லாவற்றையும்விடக் கேடானது, ஏனெனில் குறை பிற்பாடே வெளிப்படும். எடுத்துக்காட்டாக, பைத்தான் 3.10 முதல், பாதுகாப்பான இணைய இணைப்புக்கான 'எஸ்எஸ்எல்' கூறுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அந்நூலகத்தின் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டாலும் தொகுப்பு நிற்காது, அக்கூறு மட்டும் விடுபட்டுப்போகும். விடுபட்ட கூறுகளின் பெயர்கள் தொகுப்பின் முடிவில் ஓரிரு வரிகளில் வரும். அவற்றைக் கவனியாமல் நிறுவியவர், பின்னர் 'பிப்' கருவியால் இணையத்திலிருந்து எதையும் இறக்க முடியாதபோது இணைய இணைப்பைப் பழிப்பார். நிறுவுவதற்கு முன்பே, புதிதாகத் தொகுத்த பைத்தானில் 'இம்போர்ட் எஸ்எஸ்எல்' என்று ஒருமுறை இட்டுப் பார்த்துவிட வேண்டும்.