ஹோம் பிள்ளைகளைப் பற்றி மதுரை நம்புவது

மதுரையில் தானத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரைத் திருவிழா வந்தால் தெருத்தெருவாக நீர்மோர்ப் பந்தல். பிறந்தநாளோ நினைவுநாளோ என்றால் ஏதாவது ஒரு ஹோமுக்கு மதியச் சாப்பாடு. கொடுக்கிற கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சாப்பாட்டை வாங்கிக்கொள்ளும் பதினைந்து வயதுப் பையனைப் பற்றி நாம் நம்புவதில்தான் கோளாறு.

“அங்கே இருப்பதெல்லாம் அனாதைப் பிள்ளைகள்”

இல்லை. உலக அளவில் இப்படி இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாக ‘சேவ் தி சில்ரன்’ 2009-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் பக்கத்திலும் பிள்ளையை ஹோமில் கொண்டுவந்து சேர்ப்பது சாவு மட்டுமல்ல. அப்பாவின் குடி, வட்டிக்கடன், பொய்த்துப்போன மானாவாரி நிலம், பிழைப்புக்குத் திருப்பூர் போன அம்மா என்று காரணங்கள் பல. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டிலேயே வைத்து வளர்க்க மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’வில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். ஒரு விதவைத் தாய்க்கு இந்த உதவிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்துக் கலெக்டர் ஆபீஸ் வரை கூடவே போய்வருவது, என் கணக்கில், நூறு பேர் சாப்பாட்டைவிடப் பெரிய தானம்.

“ஊரை விட்டு ஓடியவன் அடங்காத பயல்”

உசிலம்பட்டிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். ‘முறுக்கு கம்பெனி’ என்றால் எல்லோருக்கும் தெரியும். மகாராஷ்டிரம், குஜராத் என்று தொலைதூர ஊர்களில் முறுக்குச் சுடும் பட்டறைகள் அவை. ஏஜெண்ட் வந்து பெற்றோரிடம் அட்வான்ஸ் கொடுப்பார், கல்யாணச் செலவோ மருத்துவச் செலவோ அதில் தீரும், பையன் ரயிலேறுவான். விடிவதற்கு முன் அடுப்படியில் நின்றால் இரவுதான் விடுதலை. அட்வான்ஸ் கழியும் வரை திரும்ப முடியாது. இவனைத்தான் ஊர் ‘படிப்பு ஏறாதவன்’ என்கிறது. வாங்கிய முன்பணத்துக்காக விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைத்து வேலை வாங்குவது 1976-ம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. மீட்கப்படும் சிறுவனுக்கு மறுவாழ்வுத் தொகை 2 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசின் 2016 திட்டம் நிர்ணயித்தது. ஆனால் முழுத்தொகை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு நடந்து முடிவதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிடும்.

“ரோட்டில் நிற்கும் பிள்ளையை நல்ல ஹோமில் நாமே விட்டுவிடலாம்”

கூடாது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலோ ரயில்வே ஜங்ஷனிலோ தனியாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிட வேண்டும். போலீஸிடமும் சொல்லலாம். 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளை குழந்தைகள் நலக் குழு முன் நிற்க வேண்டும். எங்கே தங்குவது என்று முடிவெடுப்பது அந்தக் குழுதான். இதென்ன வீண் அலைச்சல் என்று தோன்றினால் 2021 ஜூனில் மதுரையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு காப்பகத்தில் இருந்த ஆண் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டினார்கள். விசாரணையில் குழந்தை விற்கப்பட்டது தெரிந்து மீட்கப்பட்டது. நல்ல பெயர் வாங்கியிருந்த காப்பகம்தான் அது.

“ஃபோட்டோ எடுத்துப் போட்டால் நாலு பேர் உதவ வருவார்கள்”

கேக் வெட்டும் குடும்பம், பின்னால் வரிசையாகத் தட்டோடு பிள்ளைகள். ஃபேஸ்புக்கில் பார்த்திருப்பீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் விதமாகப் படம் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும். எட்டு வயதில் தட்டோடு நின்ற பிள்ளை பதினாறு வயதில் அதே படத்தை வகுப்புத் தோழனின் செல்போனில் பார்க்க நேர்ந்தால்? யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்காக, தெரியாத பெயரைச் சொல்லி வாழ்த்துப் பாடியவர்கள் இந்தப் பிள்ளைகள். முகூர்த்த மாதங்களில் பிரியாணி மிஞ்சும்; பரீட்சை மாதத்தில் கணக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்காது.

“கூர்நோக்கு இல்லம் போனவன் ரவுடிதான்”

கூர்நோக்கு இல்லம் என்பது குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரணை முடியும் வரை தங்கவைக்கும் இடம். அங்கே இருப்பதாலேயே குற்றம் உறுதியாகிவிடாது. குற்றம் செய்தான் என்றே இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்தாலும், பெரியவராகக் கருதி விசாரிக்கப்படும் கொடுங்குற்ற வழக்குகள் நீங்கலாக, அது அவன் படிப்புக்கோ வேலைக்கோ தடையாகக் கூடாது. பையன்கள்தான் ஆபத்தானவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அடித்ததாகக் கைதானவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். அதன் பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது.

வம்புக்கு நடுவே வளர்ந்தவன் ரவுடியாகத்தான் ஆவான் என்பதும் இல்லை. பிலிப்பைன்ஸின் கவிட்டே நகரத்தில் எஃப்ரென் பெனாஃப்ளோரிடா என்ற பையன் தெருக் கும்பல்களின் வம்புக்கு நடுவே வளர்ந்தவன். 1997-ல், பதினாறு வயதில், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தள்ளுவண்டியில் புத்தகமும் கரும்பலகையும் ஏற்றிக் குப்பைமேட்டுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்ப் பாடம் நடத்தத் தொடங்கினான். 2009-ல் சிஎன்என் அவரை அந்த ஆண்டின் நாயகராகத் தேர்ந்தெடுத்தது. அந்த வண்டியைத் தள்ளியவர்களும் அதே தெருக்களின் இளைஞர்கள்தான்.

“பதினெட்டு முடிந்தால் அவன் பாடு”

பெரும்பாலான தர்மங்கள் இந்த வயதோடு நின்றுவிடுகின்றன. பதினெட்டு முடிந்தவன் வாடகைக்கு அறை கேட்டுப் போனால் முதல் கேள்வியே “அப்பா என்ன பண்றாரு?” என்பதுதான். சாதிச் சான்றிதழுக்குப் பெற்றோரின் சான்று கேட்பார்கள். தீபாவளிக்கு ஹாஸ்டல் காலியாகும். இவன் எங்கே போவது? இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ம் பிரிவும் அதன் விதிகளும் பின்பராமரிப்புக்கு வழிசெய்திருக்கின்றன: 21 வயது வரை நிதியுதவி, தவிர்க்க முடியாத நிலையில் 23 வரை. கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன்பே அவனுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் அதை எழுதிவிட வேண்டும். அடுத்த முறை சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டப் போகிறவர், இந்த வருஷம் எத்தனை பேர் வெளியே போகிறார்கள், அவர்களுக்கு அது எழுதியாயிற்றா என்று நிர்வாகியிடம் கேட்கலாம்.